இரண்டு லாஞ்சு, ஒரே மடி: பாக் விரிகுடாக் கரையில் ஒரு புகார் போய்ச் சேர்ந்த கதை

பின்னணி

பாக் விரிகுடாவின் மேற்குக் கரையில் நாட்டுப்படகு மீனவர்கள் வாழும் ஓர் ஊரில், ஒரு மீன்பிடிப் பருவத்தில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஊர்ப்பெயர், ஆட்களின் பெயர், படகு எண் எதுவும் இதில் வராது. அவற்றை எப்படிக் காப்பது என்பதை நாங்கள் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம், அதனால் ஒருவர் நஷ்டப்பட்டார். நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. அந்த ஊர்ச் சங்கத்துக்கு மனு எழுதுவது, பதிவேடு வைப்பது ஆகிய வேலைகளைப் பார்த்தவன்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். ஊருக்கு நேரே பல இடங்களில் மூன்று, நான்கு பாகம்தான் ஆழம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி). வெயில் அடிவரை இறங்குவதால் தரையில் கடற்புல் அடர்ந்து வளர்கிறது. நண்டும் இறாலும் குஞ்சு மீனும் அந்தப் புல்லுக்குள்தான் வளர்கின்றன. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசு மேய்வதும் அங்கேதான். அதற்காகவே 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடல், கடல்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இந்த ஊரில் பெரும்பாலானவர்களுக்கு நண்டு வலைதான் பிழைப்பு. சாயங்காலம் வலையை அடியில் பாய்ச்சி, இரண்டு முனையிலும் மிதவையும் கொடியும் கட்டிவிட்டு வருவார்கள். விடியும் முன் போய் எடுப்பார்கள். இரவு முழுக்க வலை காவலில்லாமல் கடலில் கிடக்கும்.

விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு (ஊர்ப்பேச்சில் லாஞ்சு) மீன் பிடிக்கக் கூடாது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இரட்டைமடிக்கு எந்த நாளிலும் அனுமதி கிடையாது.

இரட்டைமடி பற்றி ஒரு வார்த்தை. மடி என்பது கடலடியில் இழுத்துக்கொண்டு போகும் பை போன்ற இழுவலை. ஒற்றை விசைப்படகு அதை இழுக்கும்போது, மடியின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு கனமான பலகைகள் வேண்டும். படகின் பின்பக்கம் இருபுறமும் அவை தொங்குவதைக் கரையில் நின்றாலே பார்க்கலாம். இரட்டைமடியில் பலகை கிடையாது. இரண்டு படகுகள் ஒரே மடியின் ஆளுக்கொரு பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டுப் பக்கம் பக்கமாக ஓடும். அந்த இடைவெளிதான் வாயை விரிக்கிறது. இரண்டு எஞ்சின் பலத்தில், ஒற்றைப் படகால் இழுக்க முடியாத பெரிய மடியை இழுத்துப் போகலாம். வழியில் இருக்கும் புல், குஞ்சு, அடுத்தவர் வலை எல்லாம் உள்ளே போய்விடும்.

கவனித்தவை

தடைக்காலம் முடிந்து ஏழெட்டு வாரம் ஆகியிருந்தது. ஆடி மாதம். ஒரு விடியலில் ஐந்து வீட்டார் போட்ட நண்டு வலையில் மூன்று பேருடையது இடத்தில் இல்லை. ஒருவருக்குக் கொடிக்கம்பு மட்டும் கிடைத்தது. இன்னொருவருக்கு ஈயக்குண்டு கோத்த அடிக்கயிறு முறுக்கிக்கொண்டு கிடைத்தது, வலைக்கண்ணி கிழிந்து தொங்கியது. அந்தத் துண்டை சங்கக் கட்டடத்தின் தரையில் விரித்துப் பார்த்தோம். ஒரே பக்கமாக இழுபட்டு, ஈயக்குண்டுகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தன. பாறையில் சிக்கியிருந்தால் ஓர் இடத்தில் கிழிந்து நிற்கும். இது இழுத்துக்கொண்டு போகப்பட்ட வலை.

இரண்டாவது தடயம் கடற்புல். வாடைக்காலத்தில் கடல் கலங்கி, புல் பிய்ந்து ஒதுங்குவது வழக்கம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆடியில் கரையோரக் கடல் அமைதியாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் வேரோடும் அடித்தண்டோடும் புல் திட்டுத் திட்டாக மிதந்தது, வலையிலும் சிக்கி வந்தது. தானாக உதிர்ந்தால் ஓலை மட்டும்தான் வரும், வேர் வராது. இதை எனக்குக் காட்டியவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு மீனவர். கையில் ஒரு கொத்தை எடுத்து, “இதப் பாருங்க தம்பி, நாத்துப் பிடுங்குன மாதிரி இருக்கு” என்றார். வேரில் இன்னும் சேறு ஒட்டியிருந்தது.

மூன்றாவது, அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு தடவை, பொழுது சாயும் நேரத்தில் இரண்டு விசைப்படகுகள் பக்கம் பக்கமாக, ஒரே மெதுவான வேகத்தில் போவதைப் பலரும் பார்த்தார்கள். நான்கில் இரண்டு நாள் நாட்டுப்படகு முறை நாள்.

முதல் புகாரும் அது சறுக்கிய இடமும்

அந்தப் பெரியவரே முதல் புகாரைச் சொன்னார். சொந்த செல்போனிலிருந்து உரிய அலுவலகத்துக்குப் பேசி, பெயர், ஊர், வலை போன விவரம் எல்லாம் கொடுத்தார். அவருடைய படகில் இருந்த ஜிபிஎஸ் கருவியில் பார்த்த இடத்தைக் குறித்து வைத்திருந்தார். அதை ஓர் இளைஞர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டு தப்பு நடந்தது.

முதல் தப்பு எண்ணில். கடலில் பயன்படும் ஜிபிஎஸ் பெரும்பாலும் பாகையும் கலையுமாக இடத்தைக் காட்டும். உதாரணத்துக்கு, 9 பாகை 42.30 கலை. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால், செல்போன் வரைபடத்தில் அது 9.705. எங்கள் இளைஞர் அதை 9.4230 என்று அடித்து அனுப்பினார். இந்த ஒரு குழப்பத்தில் இடம் 30 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே தள்ளிப் போய்விடும். அங்கே பார்க்கச் சொன்னால் யாருக்கு என்ன கிடைக்கும்? ‘குறிப்பிட்ட இடத்தில் எதுவும் காணப்படவில்லை’ என்று புகார் முடிந்தது. ஊரில் எல்லாரும் அதிகாரிகளைத் திட்டினார்கள். நானும்தான். எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பத்து நாள் கழித்து வேறு காரணத்துக்காகப் பழைய செய்தியைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது.

இரண்டாவது தப்பின் விலை பெரியது. புகார் கொடுத்தவர் யார் என்பது இரண்டே நாளில் வெளியே தெரிந்துவிட்டது. எங்கிருந்து கசிந்தது என்பதை யூகமாக எழுத எனக்கு விருப்பமில்லை. மூன்றாம் நாள் அவருடைய வலையின் மிதவைகள் மட்டும் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தன. வலை அடியிலேயே கிடந்தது. மேலே அடையாளம் இல்லாததால் தேடி எடுக்க ஒரு பகல் ஆயிற்று. அன்று சாயங்காலம் அவர் மனைவி சங்கத்துக்கு வந்து, “இனிமே இவரு பேரு எதுலயும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை.

எடுத்த முடிவுகள்

அந்த வாரமே சங்கம் கூடியது. இளைஞர்கள் சிலர் அடுத்த தடவை படகுகளைக் கூட்டிக்கொண்டு போய் வழிமறிப்போம் என்றார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் வீடியோ எடுக்க ஒரு ஃபைபர் படகில் நெருங்கிப் போயிருந்தார்கள். விசைப்படகு திடீரென்று திரும்பியது, அதன் அலையில் ஃபைபர் படகு கவிழாமல் தப்பியதே பெரிது. இழுவையில் இருக்கும் படகுக்கும் மடிக்கும் நடுவே கயிறு தண்ணீருக்குள் இறுகி நிற்கும், மங்கலில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் யாரும் கடலில் நெருங்கக் கூடாது என்பது முதல் முடிவு. இதை வாக்கெடுப்புக்கு விடாமல் தலைவர் நேரடியாகவே அறிவித்தார். அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது முடிவு, இனிப் புகார் தனி ஆள் பெயரில் போகாது. சங்கத்தின் தாளில், சங்கத்தின் முத்திரையோடு, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டுத்தான் போகும். பார்த்தவர் பெயர் பதிவேட்டில் ஓர் எழுத்தாக மட்டும் இருக்கும்; எந்த எழுத்து யாருக்கு என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். பெற்றுக்கொண்டதற்கு நகலில் தேதியும் ஒப்பமும் வாங்காமல் திரும்புவதில்லை என்றும் வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது, பதிவேடு. நாற்பது பக்க நோட்டுதான். தேதி, மணி, படகு எத்தனை, எந்தப் பக்கம் ஓடியது, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி, எண் தெரிந்ததா, இடத்தைப் பாகை-கலையில் எழுதி அதற்குக் கீழே வரைபட எண்ணாக மாற்றியது. மாற்றிய எண்ணைச் செல்போன் வரைபடத்தில் போட்டு, புள்ளி கடலில் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். படத்தை இடமும் மணியும் பதிகிற கேமரா செயலியில் எடுத்து, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினோம். படமாக அனுப்பினால் கோப்புக்குள் இருக்கும் விவரம் போய்விடும், தெளிவும் குறையும்.

தூரம் பற்றி ஒரு சின்ன கணக்கு எங்களுக்குப் பெரிதும் உதவியது. தண்ணீர் விளிம்பில் நிற்கிற ஆளுக்குக் கடலின் தொடுவானம் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 3 கடல் மைல் என்பது ஐந்தரை கிலோமீட்டர். ஆக, அலை விளிம்பில் நின்று பார்க்கும்போது படகின் அடிப்பாகம் தண்ணீரைத் தொடுகிற கோடு தெரிந்தால், அது பெரும்பாலும் எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. மேல்கூண்டு மட்டும் தெரிந்து அடி மறைந்திருந்தால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. மாடியிலோ மணல்மேட்டிலோ நின்றால் இந்தக் கணக்கு செல்லாது. இதைச் சான்றாக யாரும் ஏற்க மாட்டார்கள், நாங்களும் அப்படிக் கொடுக்கவில்லை. எதைப் புகாராக எழுதலாம், எதை விட்டுவிடலாம் என்று எங்களுக்குள் தீர்மானிக்க அது போதுமாக இருந்தது.

தப்பாகக் கொடுத்த ஒரு புகார்

இதை மறைக்காமல் எழுத வேண்டும். புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு நாள் இரண்டு விசைப்படகுகள் மெதுவாக, கிட்டத்தில் போவதைக் கரையிலிருந்து ஒருவர் ஒரே ஒரு படம் எடுத்தார். பார்த்தால் ஜோடிப் படகு மாதிரியே இருந்தது. அவசரத்தில் அன்றே புகார் போயிற்று. உண்மையில் ஒரு படகின் எஞ்சின் நின்றுவிட்டது, மற்றது அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்திருக்கிறது. கட்டி இழுக்கும்போது ஒன்றின் பின் ஒன்றாகத்தான் வரும். ஆனால் கரையிலிருந்து சாய்வாகப் பார்த்த அந்த ஒரு கணத்தில் பக்கம் பக்கமாகத் தெரிந்தது.

படகு உரிமையாளரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எஞ்சின் பழுது பார்த்த ரசீதை அவர் காட்டினார். விஷயம் தெரிந்ததும் எங்கள் சங்கத் தலைவரும் செயலாளரும் நேரே அவர் வீட்டுக்குப் போனார்கள். “அண்ணே, நாங்க பாத்தது தப்பு. எழுதிக் கொடுத்ததத் திரும்ப வாங்கிட்டோம்” என்று தலைவர் சொன்னார். அவர் கோபப்பட்டார், நியாயமான கோபம். அப்புறம் தேநீர் கொடுத்தார். பின்னால் நடந்ததில் விசைப்படகுத் தரப்பு முழுவதும் எங்களுக்கு எதிராகத் திரளாமல் இருந்ததற்கு அந்த அரைமணி நேரமே காரணம் என்பது என் எண்ணம். ஒழுங்காகத் தொழில் செய்கிற விசைப்படகுக்காரர்களுக்கும் இரட்டைமடி நஷ்டம்தான். அவர்களில் பலர் அதை வெளியே சொல்வதில்லை.

அன்றிலிருந்து ஒற்றைப் படம் போதாது. ஒரே இடத்தில் நின்று, பத்து நிமிட இடைவெளியில் குறைந்தது மூன்று படம். இரண்டு படகும் அந்த இருபது நிமிடமும் அதே இடைவெளியில் ஓடியிருந்தால்தான் எழுதுவோம்.

இறங்குதளத்தில் கிடைத்த தகவல்

திருப்பம் கடலிலிருந்து வரவில்லை. எங்கள் ஊரிலிருந்து, விசைப்படகுகள் மீன் இறக்கும் இறங்குதளத்துக்குப் போய் சங்காயம் பிரிக்கிற ஓர் அக்கா இருக்கிறார். சங்காயம் என்பது மடியில் சேர்ந்து வரும் பொடிமீனும் குஞ்சும். தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் எடைக்குப் போகும். ஒருநாள் அவர் சங்கத் தலைவரின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

“அந்த ரெண்டு லாஞ்சுல இருந்து மத்ததவிட சங்காயக் கூடை ரொம்ப இறங்குது. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு. இன்னொண்ணு தம்பி, ரெண்டுலயுமே பலகை இல்ல. பலகை இல்லாம மடி எப்படி வாயத் தொறக்கும்?”

இரண்டு மாதமாக நாங்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்ன பிறகுதான் ஒன்று உறைத்தது. இரவுக் கடலில் ஜோடிப் படகைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. ரோந்து வருவது தெரிந்தால் மடியை அறுத்துவிட்டு ஓடிவிடலாம், ஆனால் மீனைக் கரையில் இறக்கித்தானே ஆக வேண்டும்? பன்னாட்டு அளவில் 2016-இல் நடைமுறைக்கு வந்த துறைமுக நாட்டு நடவடிக்கைகள் ஒப்பந்தம் வெளிநாட்டுக் கப்பல்களுக்கானது என்றாலும், அதன் அடிப்படையும் இதே யோசனைதான்: சட்டவிரோதமாகப் பிடித்த மீனைத் துறைமுகத்தில் தடுப்பது.

அடுத்த மனு இப்படி அமைந்தது. பதிவேட்டின் ஆறு நாள் பதிவு, படங்களோடு. அந்த ஆறு நாளுக்கும் மறுநாள் காலையில் எந்தத் தளத்தில், எத்தனை மணி வாக்கில் படகுகள் வருகின்றன என்ற விவரம். கோரிக்கை ஒன்றே ஒன்று: அந்த நேரத்தில் இறங்குதளத்தில் படகைச் சோதித்து, பலகை இருக்கிறதா, மடி எந்த வகை, மடியின் கடைப்பகுதிக் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்கா சொன்னதை அப்படியே எழுதினால் அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் சங்காயம் பற்றி ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. மனு வலுவிழந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தோம். அவருடைய தினக்கூலி அந்தத் தளத்தில்தான் இருக்கிறது.

சோதனையும் பின்விளைவும்

மனு கொடுத்த பன்னிரண்டாம் நாள் காலை சோதனை நடந்தது. எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அது நல்லதுதான், தெரிந்திருந்தால் ஊரே அங்கே போய் நின்றிருக்கும். இரண்டு படகிலும் பலகை இல்லை. ஒன்றில் மட்டும் மடி இருந்தது. ஒற்றைப் படகு இழுக்கக்கூடிய அளவைவிட மிகப் பெரிய மடி. மடியைப் பறிமுதல் செய்து, இரண்டு உரிமையாளர்களுக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு நிறுத்தப்பட்டது, அதோடு மானிய டீசலும் நின்றது. உரிமையாளர்களுக்கு உண்மையில் வலித்தது அந்தக் கடைசி இரண்டும்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

ஐப்பசி முழுக்க எங்கள் பக்கம் ஜோடிப் படகு தென்படவில்லை. நண்டு வலை ஒன்றும் காணாமல் போகவில்லை. கார்த்திகையில் வாடை எழுந்து கடல் கலங்கிய பிறகு, வடக்கே வேறோர் ஊர்க்காரர்கள் இரண்டு படகைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதே படகுகளா என்று தெரியவில்லை. எங்கள் நோட்டின் நகலையும் எழுதும் முறையையும் அவர்களுக்குக் கொடுத்தோம்.

நஷ்டம் இந்தப் பக்கமும் இருந்தது. அந்த இரண்டு படகிலும் பங்குக்குப் போன தொழிலாளிகளில் இருவர் எங்கள் ஊர் மருமகன்கள். அனுமதி நின்ற நாட்களில் அவர்களுக்குப் பங்கு இல்லை. ஒரு வீட்டில் இன்றும் தலைவரிடம் பேசுவதில்லை. எந்த மடியைப் போடுவது என்பதைத் தீர்மானிக்கிறவர் உரிமையாளர், கூலிக்குப் போனவர் அல்ல. நடவடிக்கையில் முதலில் அடிபட்டது கூலிக்குப் போனவர்தான். கிழிந்த நண்டு வலைக்கு யாருக்கும் இழப்பீடும் கிடைக்கவில்லை.

இன்று செய்வதானால்

முதல் நாளே சங்கத்தின் பெயரில் எழுதுவேன். அந்தப் பெரியவரின் மிதவைகள் அறுபட்டதை நினைக்காமல் இந்த வரியை எழுத முடியவில்லை. அவருக்கு மிதவை வாங்க ஊரே காசு போட்டது, ஆனால் அவர் இப்போது கூட்டத்துக்கு வருவதில்லை.

இரவில் கடலில் பார்த்ததை உடனே சொல்ல, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணைப் படகிலேயே பெயிண்டில் எழுதி வைக்கச் சொல்வேன். ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554. இந்த இரண்டும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாமல் இருந்தது. தொலைபேசியில் சொன்னதை மறுநாளே மனுவாகவும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் கையில் எந்தப் பிடியும் இருக்காது.

இறங்குதளத்தில் வேலை செய்யும் பெண்களிடம் முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் அவர்களுக்கு இடம் இல்லாததால்தான் அந்தத் தகவல் இரண்டு மாதம் வெளியே நின்றது. இப்போது மாதத்துக்கு ஒருமுறை அவர்களோடு தனியாக உட்காருகிறார்கள். அதற்கு நோட்டு கிடையாது, வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

விசைப்படகு சங்கத்தோடும் முன்கூட்டியே பேசியிருக்கலாம். தப்பான புகாரில் மனம் நொந்த அந்த உரிமையாளர்தான், அடுத்த தடைக்காலம் முடிவதற்கு முன் இரண்டு தரப்பையும் உட்கார வைத்தார். நண்டு வலை கிடக்கும் இடங்களைக் குறித்துக் கொடுத்தால் தங்கள் படகுக்காரர்களிடம் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டார். எங்கள் பக்கம் அதற்கு உடனே சம்மதம் வரவில்லை. வலை இருக்கும் இடத்தை விசைப்படகுக்காரர்களுக்குச் சொல்வதா என்று மூன்று கூட்டம் வாதம் நடந்தது. கடைசியில் ஒரு பகுதியை மட்டும் சோதனையாகக் கொடுத்தார்கள்.

பதிவேடு இப்போது என்னிடம் இல்லை. அந்தப் பெரியவரின் பேத்தி எழுதுகிறாள், பத்தாம் வகுப்பு. கலையை அறுபதால் வகுத்துப் பாகையோடு கூட்டுவதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே ஒரு கணக்கைப் போட்டும் காட்டியிருக்கிறாள்.